'மே', 'ஷுட்', 'அப் டு': சின்ன வார்த்தைகளைக் கவனியுங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் என்னிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு. "எல்லாம் இங்கிலீஷில் வருகிறது, பெரிய பெரிய வார்த்தையாக இருக்கிறது" என்பார்கள். உண்மையில் பெரிய வார்த்தைகளால் அதிக ஆபத்து இல்லை. புரியவில்லை என்றால் டிக்ஷனரி பார்ப்போம், அல்லது தெரிந்தவரைக் கேட்போம். காலை வாரி விடுபவை சின்ன வார்த்தைகள். மே, ஷுட், பட், அப் டு, மோஸ்ட் என்று இரண்டு மூன்று எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்திலேயே படித்து விட்டோம் என்ற தைரியத்தில் அவற்றைத் தாண்டிப் போய் விடுகிறோம். நானும் அப்படித் தாண்டிப் போனவன்தான். அதற்கு விலை கொடுத்தது நான் அல்ல, குறிஞ்சிப்பாடியில் இருக்கும் என் சித்தப்பா.

சித்தப்பா கேட்ட கேள்வி

எங்கள் ஊர் கைத்தறி லுங்கிக்குப் பெயர் பெற்றது. சித்தப்பா நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து, துணி வாங்கி அனுப்பும் சின்ன வியாபாரம் செய்கிறார். யாருக்கு எத்தனை கட்டு நூல், யாருக்கு எவ்வளவு முன்பணம், யார் பாக்கி என்பதெல்லாம் சிட்டையில் இருந்தது. என் பேச்சைக் கேட்டு லேப்டாப் வாங்கி, ஒரு சிறிய கணக்கு சாப்ட்வேரில் ஏற்ற ஆரம்பித்தார். ஏழு மாதக் கணக்கு ஏறியது.

ஒருநாள் போன் செய்தார். லேப்டாப் மிகவும் மெதுவாக ஓடுகிறது என்றார். நான் ஆபீஸில் அவசர வேலையில் இருந்தேன். செட்டிங்ஸ் போய், சிஸ்டம், ரெக்கவரி, ரீசெட் என்று போனிலேயே வழி சொன்னேன். 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைக் கிளிக் செய்யச் சொன்னேன்.

"இரு தம்பி, அதுக்குக் கீழ என்னவோ எழுதியிருக்கு. ஆப்ஸ் எல்லாம் எடுத்துடுவானாம். அப்புறம் 'பட்' போட்டு, பர்சனல் ஃபைல்ஸ் இருக்கும்ங்கறான். பர்சனல்னா என் சொந்த விஷயமா, இல்ல வியாபாரக் கணக்கும் சேர்த்தியா?"

"எல்லாம் இருக்கும் சித்தப்பா. தைரியமா குடுங்க."

போட்டோக்கள் இருந்தன. பேத்தியின் காதணி விழா வீடியோ இருந்தது. கணக்கு இல்லை. அந்த சாப்ட்வேர் தன் டேட்டாவை டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் வைக்காமல், தான் இன்ஸ்டால் ஆன ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தது. ஆப்ஸ் நீக்கப்படும் என்று திரை சொன்னது, நீக்கியது. பர்சனல் ஃபைல்கள் இருக்கும் என்று சொன்னது; இருந்தன. திரையில் இருந்த வரியில் பொய் எதுவும் இல்லை. பொய்யாகிப் போனது நான் சொன்ன "எல்லாம்" என்ற வார்த்தைதான். பொறியியல் படித்த நான் படிக்காமல் விட்ட 'பட்'டை, பத்தாம் வகுப்போடு நிறுத்திய சித்தப்பா நின்று படித்துக் கேள்வியும் கேட்டார். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கேவியட் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லி விட்டு, "ஆனால் இந்த எல்லைக்குள்தான்" என்று வேலி போடுவதற்கு கேவியட் என்று பெயர். இந்த வார்த்தை உங்களுக்குப் புதிதல்ல. "உச்ச நீதிமன்றத்தில் கேவியட் மனு தாக்கல்" என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நம் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1976-ல் செய்த திருத்தத்தால் வந்த 148 ஏ பிரிவு இது. எதிர்த்தரப்பு மனு போட்டால், என்னையும் கேட்காமல் உத்தரவு போட்டு விடாதீர்கள் என்று கோர்ட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது. லத்தீன் மொழியில் அதன் பொருள் 'எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்பது.

வாக்கியத்தில் வரும் கேவியட்டும் இதையேதான் செய்கிறது. "என்னைப் படிக்காமல் முடிவு எடுத்து விடாதீர்கள்" என்று அந்தச் சின்ன வார்த்தை உங்களிடம் மனு கொடுக்கிறது. கம்ப்யூட்டர் இங்கிலீஷில் நீங்கள் அடிக்கடி சந்திக்கப் போகும் நான்கு வகைகளைப் பார்ப்போம்.

1. எல்லாம் 'வேண்டும்' அல்ல

மஸ்ட், ஷுட் இரண்டையும் தமிழில் 'வேண்டும்' என்றே மொழிபெயர்த்துப் பழகி விட்டோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நிறைய தூரம். இதில் குழப்பம் வரக் கூடாது என்பதற்காகவே ஓர் ஆவணம் இருக்கிறது. இண்டர்நெட் எப்படி இயங்க வேண்டும் என்ற விதிகளை ஆர்எஃப்சி என்ற வரிசையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் 2119-ஆம் எண் ஆவணத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் பிராட்னர் 1997 மார்ச்சில் வெளியிட்டார். இரண்டு மூன்று பக்கம்தான். அதன் வேலையே இந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்வது.

மஸ்ட் என்றால் கட்டாயம், விதிவிலக்கு இல்லை. ஷுட் என்றால் செய்வதுதான் முறை. தக்க காரணம் இருந்தால் விடலாம், ஆனால் விட்டால் என்ன ஆகும் என்பதை முழுவதும் புரிந்து கொண்டு, எடை போட்டுப் பார்த்த பிறகே விட வேண்டும். மே என்றால் உங்கள் விருப்பம்.

இனிமேல் திரையில் "யூ ஷுட் பேக்கப் யுவர் ஃபைல்ஸ்" என்று வந்தால் அதை 'எடுத்தால் நல்லது' என்று மட்டும் படிக்காதீர்கள். 'எடுக்காமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தால் மட்டும் எடுக்காமல் போகலாம்' என்று படியுங்கள்.

மே என்ற வார்த்தையில் இன்னொரு சிக்கல். அதற்கு இரண்டு அர்த்தம். "யூ மே ரீஸ்டார்ட் நவ்" என்றால் அனுமதி. "யூ மே லூஸ் டேட்டா" என்றால் ஆபத்து. நம் 'லாம்' விகுதியும் இப்படித்தான், 'நீ போகலாம்', 'மழை வரலாம்' என்று இரண்டு வேலையும் செய்யும். யார் செய்வது, என்ன நேர்வது என்று பார்த்தால் வித்தியாசம் புரிந்து விடும்.

2. 'வரை' என்பது உச்சி, தரை அல்ல

இண்டர்நெட் இணைப்பு வாங்கும்போது "அப் டு 40 எம்பிபிஎஸ்" என்று போட்டிருப்பார்கள். அப் டு என்றால் அதிகபட்சம் அவ்வளவு. குறைந்தபட்சம் எவ்வளவு என்று அந்த வரி எதுவும் சொல்லவில்லை. மத்திய அரசின் 2004-ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை இதற்கு நேர் எதிராக எழுதப்பட்டது. குறைந்தபட்சம் 256 கேபிபிஎஸ் டவுன்லோட் வேகம் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று அழைக்கலாம் என்றது. 2023-ல் அந்த அளவு 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தப்பட்டது. விளம்பரம் உச்சியைச் சொல்லும், விதி தரையைச் சொல்லும். நீங்கள் இரண்டையும் கேட்க வேண்டும். (எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. ஃபைல் அளவு பைட் கணக்கு. எட்டால் வகுத்துக் கொள்ளுங்கள். 40 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தாலும் நொடிக்கு 5 எம்பிதான் இறங்கும்.)

ஹார்ட் டிஸ்க் பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் "ஆக்சுவல் கெப்பாசிட்டி மே பி லெஸ்" என்று இருக்கும். 1 டிபி என்று வாங்கி வந்து மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றி விட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர்கள் 1 ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 107,37,41,824 பைட் என்று எண்ணுகிறது. டிஸ்க் அதேதான், படிதான் வேறு.

சில சமயம் ஒரே ஒரு வார்த்தை கோர்ட் வரை போகும். விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரியில் கடைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2006-ல் விற்ற கம்ப்யூட்டர்களில் "விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்" என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கேப்பபிள் என்றால் 'இயங்கக் கூடியது'. எந்த விஸ்டா? மிகச் சாதாரணமான ஹோம் பேசிக் பதிப்பு இயங்கினாலே அந்த ஸ்டிக்கர் கிடைத்தது. விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற திரை அதில் வராது. அதற்கு "பிரீமியம் ரெடி" என்று தனிப் பிரிவு. வாங்கியவர்கள் சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள். மைக்ரோசாப்ட் உயர் அதிகாரி ஒருவரே, 2,100 டாலர் கொடுத்து வாங்கிய லேப்டாப் ஈமெயில் பார்க்கத்தான் உதவுகிறது என்று உள்ளுக்குள் புலம்பிய கடிதம் அந்த வழக்கில் வெளியே வந்தது. 2009-ல் கூட்டு வழக்காக நடத்த முடியாது என்று நீதிமன்றம் சொல்லி விட்டது. வாங்கியவர்களுக்கு மிஞ்சியது, அந்த ஒரு வார்த்தையை அப்போதே படித்திருக்கலாமே என்ற பாடம்தான்.

இதே போல 'மினிமம் ரிக்வயர்மெண்ட்ஸ்' என்றால் திறக்கும் என்று அர்த்தம். வசதியாக ஓட 'ரெகமண்டட்' வரியைப் பாருங்கள்.

3. 'வாய்ப்பு உண்டு' என்றால் எவ்வளவு?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வகையைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் நாம் தினமும் கேட்பதுதான். "ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்." இது மழுப்பல் என்று கிண்டல் செய்வோம். உண்மையில் வானிலை ஆய்வு மையத்துக்கு இது கணக்கு. 'ஓரிரு இடங்கள்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் அல்லது அதற்குக் குறைவு. 'ஒருசில இடங்கள்' என்றால் 26 முதல் 50 சதவீதம். அதற்கு மேல் போகப் போக வார்த்தையும் மாறும். அளவுகோல் தெரிந்தவருக்கு அது தகவல், தெரியாதவருக்கு மழுப்பல்.

2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நான் பள்ளி மாணவன். முந்தைய நாள் எங்கள் தெருவில் பேச்சு "புயல் வருமாம்" என்று இருந்தது. அந்த 'ஆம்' தமிழுக்கே உரிய கேவியட். 'நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள்' என்பதை இரண்டே எழுத்தில் சொல்லி விடுகிறோம். ஆங்கிலத்தில் இதற்கு 'ரிப்போர்ட்டட்லி', 'அக்கார்டிங் டு' என்று நீட்ட வேண்டும். ஆனால் 'ஆம்' போட்டதும் செய்தியின் கனம் குறைந்து விடுகிறது. 'கூடும்' என்று வந்த எச்சரிக்கை வாய் மாறி வாய் மாறி 'வருமாம், பார்ப்போம்' ஆகி விட்டது. மறுநாள் பகலில் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. 1951-ல் அமெரிக்க உளவுத் துறை, யூகோஸ்லாவியா மீது அந்த ஆண்டு தாக்குதல் நடக்க 'சீரியஸ் பாஸிபிலிட்டி' இருக்கிறது என்று அறிக்கை எழுதியது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட், தன் மனதில் 100-க்கு 65 என்று வைத்திருந்தார். சேர்ந்து எழுதியவர்களையே கேட்டபோது ஒருவர் 20 என்றார், இன்னொருவர் 80 என்றார். எல்லோரும் ஒரே வார்த்தைக்குத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்! வார்த்தைக்கு எண் கொடுக்க வேண்டும் என்று கென்ட் 1964-ல் ஒரு கட்டுரையே எழுதினார். இன்று பருவநிலை மாற்றம் பற்றிய ஐபிசிசி அறிக்கைகளில் 'லைக்லி' என்றால் குறைந்தது 66 சதவீதம், 'வெரி லைக்லி' என்றால் குறைந்தது 90 சதவீதம் என்று அட்டவணை உண்டு.

கம்ப்யூட்டர் பக்கங்களில் அப்படி அட்டவணை கிடைக்காது. "இன் மோஸ்ட் கேசஸ் யுவர் ஃபைல்ஸ் வில் பி சேஃப்" என்றால் நூற்றுக்கு 51-ம் மோஸ்ட்தான், 99-ம் மோஸ்ட்தான். எனவே இப்படிக் கேட்டுக் கொள்ளுங்கள்: மீதி இருக்கும் சிலரில் நான் ஒருவனாக இருந்தால் என்ன இழப்பேன்? இழப்பு சின்னது என்றால் கிளிக் செய்திடுங்கள். ஏழு மாதக் கணக்கு என்றால் முதலில் பென் டிரைவில் காப்பி எடுங்கள்.

4. பொறுப்பைக் கைமாற்றும் வரிகள்

சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்திடும்போது ஒரு நீண்ட ஒப்பந்தம் வரும். நாம் படிக்காமல் 'ஐ அக்ரி' கொடுத்து விடுவோம். அதில் சில பத்திகள் மட்டும் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். 'ஆஸ் ஈஸ்', 'வித்தவுட் வாரண்டி' என்று வரும். கோபத்தில் கத்துவது போல இருக்கும் அந்த எழுத்துக்குக் காரணம் உண்டு. வாரண்டி இல்லை என்று சொல்லும் வரி கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்க வணிகச் சட்டம் சொல்கிறது. அதனால் வந்த பழக்கம் இது. 'ஆஸ் ஈஸ்' என்றால் 'இருக்கிறபடி எடுத்துக் கொள்'. சந்தையில் மாடு வாங்குவது போல, பல்லைப் பிடித்துப் பார்ப்பது உங்கள் வேலை.

"நாட் கேரண்டீட்" என்பதும் இந்த வகைதான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கம்ப்யூட்டரில் எப்படியாவது விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. தகுதி இல்லாத கம்ப்யூட்டரில் அதைப் போட்டால், பாதுகாப்பு அப்டேட் உட்பட எந்த அப்டேட்டும் கிடைக்கும் என்று உறுதி தர முடியாது என்கிறது மைக்ரோசாப்ட். 'வராது' என்று சொல்லவில்லை என்பதைப் பிடித்துக் கொண்டு சிலர் "அதெல்லாம் வரும்" என்பார்கள். இன்று வரலாம். நாளைக்கு நின்றால் கேட்க ஆள் இல்லை என்பதுதான் அந்த வரியின் பொருள்.

விளம்பரங்களில் வரும் நட்சத்திரக் குறியும் 'கண்டிஷன்ஸ் அப்ளை'யும் இதே குடும்பம். இங்கே உங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பொடி எழுத்து வரி விளம்பரத்தின் முக்கிய வாக்குறுதிக்கு முரணாக இருக்கக் கூடாது. வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் அதுவும் இருக்க வேண்டும். தமிழில் ஆசை காட்டி விட்டு ஆங்கிலத்தில் கையை விரிப்பது செல்லாது.

புலி வருது, புலி வருது

கேவியட் அதிகமானாலும் ஆபத்துதான். விஸ்டாவில் எதைத் தொட்டாலும் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்தது. மக்கள் படிக்காமலே 'யெஸ்' கொடுக்கப் பழகினார்கள். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் அந்தப் பெட்டிகளைக் குறைத்தார்கள். இன்று ஏஐ உரையாடல் புரோகிராம்களின் அடியில் "தவறு நேரலாம், சரிபார்க்கவும்" என்று ஒரு வரி நிரந்தரமாக நிற்கிறது. எல்லாப் பதிலுக்கும் ஒரே வரி என்பதால் எது தவறு என்று அது காட்டாது. மருந்து, பணம், சட்டம் என்றால் அந்த வரியை நிஜமாகவே எடுத்துக் கொண்டு வேறு இடத்தில் சரிபாருங்கள். நல்ல கேவியட் எங்கே ஆபத்து என்று விரலை நீட்டிக் காட்டும். பொதுவாகக் கையை வீசுவது எழுதியவரை மட்டும் காப்பாற்றும்.

படிக்கும்போது மூன்று கேள்விகள்

1. இந்த வரி யாருக்கு, எந்த கம்ப்யூட்டருக்கு, எந்தப் பதிப்புக்குப் பொருந்தும்?
2. வேலியைக் கட்டும் வார்த்தை எது? (பட், அன்லெஸ், எக்ஸெப்ட், ஒன்லி, மோஸ்ட், பர்சனல்.) அது எதை உள்ளே விடுகிறது, எதை வெளியே விடுகிறது?
3. வேலிக்கு வெளியே என் பொருள் ஏதாவது இருக்கிறதா?

சித்தப்பா கேட்டது மூன்றாவது கேள்வி.

இன்னொருவருக்கு யோசனை சொல்லும்போது, படித்த 'ஆனால்'களையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுருக்கிச் சொல்கிறோம் என்று நாம் முதலில் வெட்டி எறிவது அவற்றைத்தான். போனில் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வது எளிது. ஆனால் ஆவது நம் வீட்டில் அல்லவே.

அந்தக் கணக்கு என்ன ஆயிற்று? நல்ல வேளையாக சித்தப்பா சிட்டையை விடாமல் எழுதி வந்திருந்தார். நான் லீவு போட்டு வந்து மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன். இரண்டு வீட்டுக் கணக்கு மட்டும் சிட்டையிலும் இல்லை. அவர்களையே கூப்பிட்டு, அவர்கள் சொன்ன தொகையை அப்படியே எழுதிக் கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை தோறும் பென் டிரைவில் பேக்கப் எடுக்கிறார். நான் போனில் ஏதாவது வழி சொன்னால், முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்:

"சரி தம்பி. இதுல 'பட்' எங்க இருக்கு?"

நீங்களும் கேளுங்கள். இந்தக் கட்டுரைக்கும் ஒரு 'பட்' உண்டு: உங்கள் விண்டோஸ் பதிப்பைப் பொறுத்து நான் சொன்ன மெனு பெயர்கள் சற்று மாறி இருக்கலாம். பேக்கப் எடுங்கள் என்று சொன்னதற்கு மட்டும் 'பட்' எதுவும் இல்லை.